உட்கார்ந்து பார்த்து வாங்கிய மழைக்கோட்டு

ஈரச் சட்டையோடு மேடையில் நிற்பவன் எவ்வளவு உயர்ந்த கருத்தைச் சொன்னாலும் அவை அவனுடைய சட்டையைத்தான் பார்க்கும். செகந்திராபாத்தில், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுச் சொற்போரில், நிரம்பி வழிந்த மண்டபத்தின் நடுவே இதை நான் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. சனத்நகர்த் தொழிற்பேட்டையை அடுத்த ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் வேலை. மாலை நாலரைக்கு வேலை முடியும். ஆறு மணிக்குச் சங்க மண்டபத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதை அந்தச் சீட்டுதான் முடிவு செய்யும். குலுக்கும்போது அவையில் இல்லாதவரின் பெயரை அடித்துவிடுவார்கள். நிறுவனத்தின் பேருந்து ஊரெல்லாம் சுற்றிச் செகந்திராபாத் வந்து சேர ஆறரை ஆகிவிடும். ஆகவே மோட்டார் சைக்கிள் ஒன்றே எனக்கு வழி. சொற்போரோ எப்போதும் ஆவணியில்தான் வரும். ஆவணியில் இந்த ஊர் வானம் மாலை நான்கு மணிக்காகக் காத்திருந்தாற்போலக் கொட்டும்.

அந்த ஆண்டும் கொட்டியது. நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். மாற்றுச் சட்டை வைத்திருந்த பையும் நனைந்திருந்தது. குறிப்புத் தாளில் மை கரைந்து, மூன்றாவது வாதம் முழுவதும் நீலக் குளமாகியிருந்தது. தலைப்பு: மனிதன் இயற்கையை வென்றுவிட்டான். சீட்டில் எனக்கு விழுந்தது, ஆம், வென்றுவிட்டான் என்னும் பக்கம். நான் முழங்கினேன். அணைகளைச் சொன்னேன், விண்கலங்களைச் சொன்னேன். சட்டை முதுகில் ஒட்டிக்கிடக்க, மேடைப் பலகையில் என்னைச் சுற்றி ஒரு சிறு ஏரி பரவியது.

எனக்குப் பின் எழுந்தவர் என் வயதுடைய ஒரு ரயில்வே எழுத்தர். மண்டபத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். அவர் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டு, மிகுந்த பணிவோடு சொன்னார்:

"மனிதன் இயற்கையை வென்றுவிட்டான்னு நண்பர் சொன்னார். நான் மறுக்கப்போறதில்ல. ஆனா அந்த வெற்றிவீரருக்கு யாராவது தலை துவட்ட ஒரு துண்டு குடுங்க, பாவம்."

அவை சிரித்து ஓயும்வரை அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கவில்லை. தொடங்க வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

பன்னிரண்டு வயதில் எங்கள் திருச்சபை வாலிபர் கூட்டத்தின் பேச்சுப் போட்டியில் ஏறியது முதல் நான் இரண்டாமிடம் வாங்கியதில்லை. இந்த ஊரில் என்னோடு படித்த தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வார்கள். நானோ தமிழில் கேட்காதவர்களுக்கும் தமிழில் பதில் சொல்பவன். என் செருக்கு அவ்வளவும் அந்த ஒற்றைத் துண்டில் துவட்டி எறியப்பட்டது. சங்கத்தின் விதிப்படி இருபத்து நான்கு வயதுக்கு மேற்பட்டவர் இளையோர் சொற்போரில் கலந்துகொள்ள முடியாது. ஆக எனக்கு எஞ்சியிருந்தது அடுத்த ஆவணி மட்டுமே. அந்த மேடையில் உலர்ந்த சட்டையோடு ஏறுவது என்று அன்றிரவே முடிவு செய்தேன். வாதங்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கவலை முழுவதும் நீரைப் பற்றியது.

அடுத்த ஆண்டு ஆனி மாதத்திலேயே ஜெனரல் பஜாரை ஒட்டிய சந்தில், மழைக்கோட்டும் குடையும் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் அறுபது வயது பாய். உருதும் தெலுங்கும் எங்கள் தமிழும் கலந்து பேசுவார். அவர் எடுத்துப்போட்டவற்றில் ஒன்று என்னைக் கண்டதும் அழைத்தது. ரப்பர் பூசிய சாம்பல் நிறத் துணி, முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளம், இரட்டை வரிசைப் பொத்தான், தோளில் பட்டை, இடுப்பில் கச்சை. கடையின் ஆளுயரக் கண்ணாடி முன் அதை அணிந்து நின்றேன். பாதங்களைச் சாண் அகலம் பிரித்து, தாடையை உயர்த்தி, வலக்கையை அவையை நோக்கி நீட்டிப் பார்த்தேன். கோட்டின் மடிப்புகள் கையோடு எழுந்து கையோடு விழுந்தன.

"ஹவ் சாப்! கலெக்டர் மாதிரி இருக்கீங்க!" என்றார் பாய்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பத்து நிமிடத்தில் வாங்கிவிட்டேன்.

முதல் மழை ஆடியில், காலை வேளையில் வந்தது. கோட்டோடு வண்டியில் அமர்ந்து, வழியில் நனைந்து ஒதுங்கியிருந்தவர்களை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டு புறப்பட்டேன். பேகம்பேட்டை தாண்டும்போதே ஐயம் எழுந்தது. நான் உட்கார்ந்ததும் கோட்டின் கீழ்ப்பகுதி இரண்டாகப் பிளந்து முழங்கால்களுக்கு அப்பால் விலகிவிட்டது. மிஞ்சிய பகுதி என் மடியில் குழிந்து ஒரு கிண்ணம் ஆனது. மார்பில் விழுந்த மழை முழுவதும் வழிந்து அந்தக் கிண்ணத்தில் சேர்ந்தது. பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் அந்த நீர் முன்னும் பின்னும் அசைந்து, பொத்தான்களின் இடைவெளி வழியே நிதானமாக உள்ளே இறங்கியது.

தொழிற்சாலை வாயிலில் வண்டியை நிறுத்திக் கோட்டைக் கழற்றினேன். சட்டை உலர்ந்திருந்தது. கால்சட்டையில், எந்த இடம் நனைந்தால் ஓர் ஆண்மகன் விளக்கம் சொல்லியே தீர வேண்டுமோ, அந்த இடம் மட்டும் நனைந்திருந்தது. வாயிற்காவலர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"ஏமய்யா, ஈ வயசுலோ கூடானா?" என்றார் தெலுங்கில். இந்த வயதிலுமா என்று கேட்கிறார்.

நான் விளக்கம் சொன்னேன். விளக்கம் நீள நீளச் சிரிப்பும் நீண்டது.

அன்று மாலை இதை என் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அக்கா செகந்திராபாத் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். நாள் முழுக்க அறிமுகமில்லாதவர்களின் பேச்சை இணைத்தும் துண்டித்தும் பழகியவளாதலால், வீட்டிலும் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள். பேசினால் எங்கள் பெற்றோர் கொண்டுவந்த திருநெல்வேலித் தமிழ்தான்.

"வாங்கும்போது போட்டுப் பாத்தியால?"

"பாத்தேனே. கண்ணாடி முன்னால நின்னு நல்லாப் பாத்தேன்."

"நின்னா?"

"ஆமா, நின்னுதான்."

அக்கா கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள். "ஏல, நீ என்ன நின்னுக்கிட்டா வண்டி ஓட்டுத?"

என் பேச்சு வாழ்வில் இவ்வளவு சுருக்கமான மறுப்புரையை நான் எதிர்கொண்டதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக எனக்குப் பயிற்றப்பட்டதெல்லாம் நிற்பதுதான். எப்படி நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எந்தச் சொல்லில் ஒரு பாதம் முன்னே வைப்பது. தொழிற்சாலையில் ஒரு வால்வைச் சோதிக்கும்போது, அது எந்த நிலையில் இயங்குமோ அந்த நிலையில் பொருத்தி, அந்த அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பார்த்த பிறகே கையொப்பம் இடுபவன் நான். அதே நான், ஒரு மழைக்கோட்டை மட்டும் மேடையில் நிற்பவனுக்கு அளவெடுத்து, வண்டியில் அமர்பவனுக்கு வாங்கி வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை பிற்பகல் இருவரும் கடைக்குப் போனோம். கோட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறொன்று தர வேண்டும் என்பது என் கோரிக்கை. அதை மூன்று பகுதிகளாகப் பிரித்து வைத்தேன். விற்பவரின் கடமை, வாங்குபவரின் நம்பிக்கை, பொருளின் இயல்பு. பாய் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் "ஹவ், ஹவ்" என்று ஆமோதித்தார். ஓரிடத்தில் கண்ணை மூடித் தலையசைத்தும் கேட்டார். நான் முடித்ததும் சொன்னார்:

"ரொம்ப நல்லா பேசறீங்க சாப். மால் வாபஸ் நக்கோ."

சரக்கைத் திரும்ப வாங்கும் பேச்சே வேண்டாம் என்று முடிந்துவிட்டது. அக்கா இப்போது கோட்டின் கழுத்துப்பட்டையைப் புரட்டி, அங்கே தைத்திருந்த சீட்டைக் காட்டினாள்.

"வாட்டர் புரூஃப்னு போட்டிருக்கே பாய். புரூஃப் எங்க?"

"அதுதானே அம்மா, எழுதியிருக்கே."

"எழுதுனது பேரு. நான் கேக்கது புரூஃப்."

வெளியே வந்தாள். கடை வாசலில் குடிநீர்ப் பானையும் ஒரு தகரக் குவளையும் இருந்தன. அதன் எதிரே என் வண்டி நின்றது.

"கோட்டைப் போட்டுக்கிட்டு வண்டியில ஏறி உக்காருல."

"அக்கா, எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். முந்நூறு பேரு பாத்தா நல்லாப் பேசுவேன்னு சொல்லுவல்லா?"

உட்கார்ந்தேன். முதல் குவளை நீரை என் மார்பில் ஊற்றினாள். பாய் ஓடிவந்தார். "கைக்கு அம்மா, கைக்கு? குடிக்கிற தண்ணி!" எதற்கு, எதற்கு என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது குவளையும் மூன்றாவதும் இறங்கின. எதிர்க்கடைத் துணி வியாபாரி அளவுகோலைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார். ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியின் இயக்கத்தை நிறுத்திவிட்டு இறங்கினார். என் மடியில் கிண்ணம் நிரம்பியது.

"இப்ப எந்திரி."

எழுந்து, கோட்டைத் திறந்தேன். அதே இடம். கூட்டம் ஆரவாரித்தது. என் வாழ்வில் நான் வாய் திறவாமலே அவையைக் கவர்ந்தது அன்று ஒருமுறைதான்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க," என்று எங்கள் இருவரையும் பாய் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு போனார். "கடை முன்னாடி தமாஷா நக்கோ. மாத்தித் தரேன்."

பிறகு நடந்ததுதான் உண்மையான தேர்வு. ராணுவத்தார் அணியும் வகையிலான, தலைவழியே மாட்டும் பெரிய போர்வை ஒன்றை முதலில் விரித்தார். ஆளையும் வண்டியின் கைப்பிடியையும் சேர்த்து மூடிவிடும். மடியில் கிண்ணம் உண்டாகவே வழியில்லை. என் கண் அதில் விழுந்தது.

"காத்தடிச்சா?" என்றாள் அக்கா.

பாய் நேர்மையானவர். "காத்தடிச்சா பாராசூட் அம்மா," என்றார். அதன் தொங்கும் ஓரம் பின் சக்கரத்தில் சிக்கும் என்பதையும் அவரே சொன்னார்.

அடுத்தது, மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்த சட்டையும் கால்சட்டையும். எடை இல்லை, மடித்தால் பைக்குள் அடங்கும். அக்கா அக்குள் பகுதியை இரண்டு விரலால் இழுத்தாள். அது முனகியது. "இது ஒரு மழைக்குத்தான்" என்று திரும்ப வைத்தாள்.

கடைசியாக, உயரத் தட்டிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். ரப்பர் பூசிய கனத்த துணியில் மேற்சட்டை, கால்சட்டை என இரு பகுதி. மேற்சட்டையின் ஜிப்பை மூடி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மடிப்புகள். மணிக்கட்டின் உட்புறம் இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக். அக்குளில் காற்றுக்காகச் சிறு துளைகள். அவை இல்லையென்றால் மழைக்குப் பதில் வியர்வையில் நனைவோம் என்றார். கால்சட்டைக்கு முன்பக்கத் திறப்பே கிடையாது. வயிற்றுக்கு மேல்வரை ஏறி நின்றது. பாய் அதை உள்வெளியாகப் புரட்டினார். தையல் ஓடிய இடமெங்கும் அதன்மேல் விரல் அகலத்தில் ஒரு ரப்பர்ப் பட்டை ஒட்டப்பட்டிருந்தது.

"துணியில தண்ணி வராது சாப். ஊசி போன ஓட்டையிலதான் வரும். இதுல அந்த ஓட்டை எல்லாம் உள்ளேருந்து மூடியாச்சு."

குறை ஒன்றே ஒன்று. அது மஞ்சள். நின்று பேசுபவர் எவரும் தேர்ந்தெடுக்க மாட்டாத, கண்ணைப் பறிக்கும் மஞ்சள். வேறு நிறம் இல்லை.

நான் அதை அணிந்து கண்ணாடி முன் நிற்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து ஒரு முக்காலியின்மேல் உட்கார வைத்தாள். கைப்பிடியைப் பிடிப்பதுபோல் இரு கைகளையும் நீட்டச் சொன்னாள். நீட்டியதும் சட்டைக் கை மணிக்கட்டிலிருந்து நாலு விரற்கடை ஏறிவிட்டது. அடுத்த பெரிய அளவு வந்தது. அதில் ஏறவில்லை. கால்சட்டையை ரப்பர் பூட்ஸுக்குள் செருகினேன். அது மிடுக்காக இருந்தது.

"எல்லாத் தண்ணியும் பூட்ஸுக்குள்ள போவட்டும்னு பாக்கியா? வெளிய எடுத்து விடுல."

எடுத்து விட்டேன். மிடுக்கு போயிற்று.

"எப்படிக்கா இருக்கேன்?"

"நல்லாத்தான் இருக்க. பழுத்த பப்பாளி கணக்கா."

மீண்டும் வாசல், மீண்டும் வண்டி, மீண்டும் பானை. கூட்டம் கலையாமல் காத்திருந்தது. இம்முறை ஊற்றியது பாயே. தம் சரக்கின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கையில் எண்ணாமல் ஊற்றினார். பானை தீர்ந்ததும் எதிர்க்கடையிலிருந்து வாளியே வந்தது. இறங்கி, மடிப்புகளை விலக்கி, ஜிப்பைத் திறந்தேன். பாய் தம் கையாலேயே என் சட்டையைத் தடவிப் பார்த்துக் கூட்டத்தை நோக்கி அந்தக் கையை உயர்த்தினார். "சூக்கா! ஏக்தம் சூக்கா!" உலர்ந்த உள்ளங்கையைக் கண்டு கைதட்டல் எழுந்தது. அங்கேயே ஆட்டோக்காரர் தம் தம்பிக்கு ஒன்று கேட்டார்.

சொற்போர் நாள் வந்தது. நண்பகல் முதலே வானம் கறுத்திருந்தது. நாலரைக்குச் சங்கு ஊதியபோது, எதிரே இருந்த கட்டடம் தெரியாத அளவுக்கு மழை. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்கு மேல் மஞ்சளை மாட்டி, குறிப்புத் தாளை உட்பையில் வைத்து, இரண்டு மடிப்புகளையும் மூடினேன். வாயிற்காவலர் கதவைத் திறந்துவிட்டு வணக்கம் வைத்தார். கேலியோ, வியப்போ, நான் வியப்பென்றே எடுத்துக்கொண்டேன்.

பேகம்பேட்டையில் ஓடை நிரம்பிச் சாலையில் ஏறியிருந்தது. பேருந்துகள் வரிசையாக நின்றன. அவற்றுள் எங்கள் நிறுவனத்தின் பேருந்தும் ஒன்று. ஜன்னல் கதவுகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

"ஒரேய் நிம்மக்காயா! எக்கடிக்கி?" எலுமிச்சம்பழமே, எங்கே போகிறாய் என்று என் பிரிவின் நண்பர்களே கத்தினார்கள்.

"மேடைக்கு!" என்று திரும்பக் கத்தினேன்.

நடுச்சாலையில் முழங்கால் அளவு நீர். வேகத்தைக் குறைத்தால் இயந்திரம் அணைந்துவிடும், கூட்டினால் சறுக்கும். ஒரே சீராக, ஒரு நீண்ட வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிப்பதுபோல், அக்கரைவரை ஓட்டினேன். மார்பில் மழை அறைந்து வழிந்தது. மடியில் எதுவும் தேங்கவில்லை. பூட்ஸின் மேல் கால்சட்டை ஓட்டுக்கூரை போல் நீரை வெளியே சரித்துக்கொண்டிருந்தது. ரசூல்புரா கடந்து செகந்திராபாத்துக்குள் நுழையும்போது, மழையே, இன்னும் கொஞ்சம் வா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மண்டபத்தின் தாழ்வாரத்தில் வண்டியை நிறுத்தியபோது ஆறடிக்கப் பத்து நிமிடம். மஞ்சளை உரித்துத் தூணில் தொங்கவிட்டேன். வெள்ளைச் சட்டையில் காலையில் அக்கா வைத்த மடிப்பு அப்படியே இருந்தது. எட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தோம். சீட்டுக் குலுக்கும்போது இருந்தவர்கள் ஐவர்.

தலைப்பு: நாட்டை உயர்த்துவது அறிவா, உழைப்பா? எனக்கு உழைப்பு விழுந்தது. எதிரில் அதே ரயில்வே எழுத்தர், அவருக்கு அறிவு. அவர் நன்றாகவே பேசினார், கண்டுபிடிப்பாளர்களை அடுக்கினார். என் முறை வந்தது. தயாரித்து வந்த தொடக்கத்தை விட்டுவிட்டேன்.

"அவையோரே, ரப்பரை நீர் ஊடுருவாது என்று கண்டறிந்தது அறிவு. ஐயமில்லை. அந்த அறிவைக் கோட்டாகத் தைக்கும்போது ஊசி ஆயிரம் ஓட்டைகளை இடுகிறது. அந்த ஓட்டைகளின் வழியே அறிவு முழுவதும் ஒழுகிவிடும். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு பட்டறையில், பெயர் தெரியாத ஒரு பெண் அந்தத் தையலின் மேல் விரல் விரலாகப் பட்டை ஒட்டி அழுத்தியிருக்கிறாள். இவ்வளவு மழையில் சனத்நகரிலிருந்து வந்த என்னை இந்த மேடையில் உலர்ந்தவனாக நிறுத்தியிருப்பது அவள் விரல்."

கைதட்டல் எழுந்தது. நான் ஒரு பாதம் முன்னே வைத்து அடுத்த வாதத்துக்குப் போனேன்.

முதற்பரிசு எனக்கென்று நடுவர் அறிவித்தபோது, பின்வரிசையில், வேலை முடிந்து நேரே வந்திருந்த அக்கா எழுந்து நின்று தட்டினாள். ரயில்வே எழுத்தர் என் கையைப் பற்றிக் குலுக்கினார். "அந்தப் பட்டை விஷயம் எனக்குத் தோணலையே நண்பரே," என்றார். அவர் வாயிலிருந்து வந்ததால் அதையும் ஒரு பரிசாகவே வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்தோம். மழை விட்டுவிட்டது. சாலை விளக்குகள் ஈரத்தில் மின்னின. வானத்தில் ஒன்றிரண்டு நட்சத்திரங்கள்கூடத் தெரிந்தன. நான் தூணிலிருந்து மஞ்சளை எடுத்து அணியத் தொடங்கினேன்.

"மழதான் நின்னுட்டுல்லா. இத இன்னும் எதுக்குல மாட்டுத?"

"சும்மாதான்க்கா."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பின்னால் ஏறி அமர்ந்து பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, இரண்டு மடிப்புகளையும் மூடி, கடைவீதி வழியாக, மெதுவாகவே ஓட்டினேன்.